ராவியத்து ஓதின முஸாபு

வாடை அடிக்குதோ தம்பி? தோலுதான். ஆட்டுத்தோல். மூக்கைச் சுளிக்காதீங்க, பச்சைத் தோல் இல்ல, ஆவாரம்பட்டையில ஊறப்போட்டுப் பதம் பண்ணினது. திண்டுக்கல் பேகம்பூர்ல வாங்கிட்டு வர்றேன். கீழ வச்சா ஆளாளுக்கு மிதிப்பாங்க, அதான் மடியில வச்சிருக்கேன். இடைஞ்சலா இருந்தா அந்தச் சன்னலை இன்னும் கொஞ்சம் திறந்துக்கிடுங்க.

திருநெல்வேலி வரைக்குமா? நல்லது. நான் அங்கே இறங்கி இன்னொரு பஸ் பிடிக்கணும். காயல்பட்டணம். திருச்செந்தூருக்குப் பக்கம்.

செருப்புக்கடைக்காரனோன்னு பாக்குறீங்க. கேக்காமலே கேக்குறீங்க, தெரியுது. இல்ல தம்பி. நான் ஜில்து கட்டுறவன். ஜில்துன்னா அட்டை. குர்ஆனுக்கு, ஓதுற கிதாபுக்கெல்லாம் தோல் அட்டை கட்டுறது. ஊருல நெய்னான்னு கேட்டா எந்த நெய்னாம்பாங்க, ஜில்து நெய்னான்னு கேட்டா சின்னப் பிள்ளைகூடக் கைகாட்டும். கொழும்புல இருந்து எனக்குக் கிதாபு வருது. ஹாங்காங்குல இருந்து வருது. பீத்திக்கிறேன்னு நினைக்காதீங்க, வர்றதைச் சொல்றேன்.

ஸ்கூல் நோட்டுக்குக் காலிகோ ஒட்டுற வேலை இல்ல இது. நோட்டு கட்டுறவன் ஆயிரம் பேரு இருக்கான். எங்களுக்கு ஒளு செஞ்சாத்தான் தாளைத் தொடலாம். ஒளுன்னா தொழுகைக்கு முந்தி கையும் முகமும் காலும் கழுவுறோமே, அது. வேலை நடுவுல வெளியே போய் வந்தா திரும்பக் கழுவணும். குளிர்காலத்துல விரலெல்லாம் வெடிச்சுப்போகும். வெட்டி விழுற துணுக்கைக்கூட நாங்க குப்பையில போட மாட்டோம். அல்லாஹ்வோட சொல்லு எழுதின தாளு. அதைப் பொதியாக் கட்டிக் கடல்ல இறக்கணும், இல்லேன்னா மையவாடியில, அதான் இடுகாட்டுல, காலு படாத இடமாப் பாத்துப் புதைக்கணும். காத்துல ஒரு துண்டு பறந்தாலும் ஓடிப் பிடிச்சு எடுத்து வச்சவன் நான்.

அப்படிப்பட்டவன்கிட்ட என் மக பேசலை தம்பி.

ஒரே வீடு. ஒரே கூரை. மழைக்காலம் தொடங்கினதுல இருந்து ஒரு பேச்சு இல்ல. தட்டை வைப்பா, போயிடுவா. தண்ணி வேணுமான்னு கேக்க மாட்டா, சொம்பு வந்திருக்கும். எங்க ஊருல வீடு பொம்பளைப் பிள்ளைக்குத்தான் பாத்துக்கிடுங்க. மாப்பிள்ளைதான் பொண்ணு வீட்டுக்கு வந்து இருக்கணும். நானும் அப்படி வந்து இருந்தவன்தான். பொண்டாட்டி இருந்த வரைக்கும் அது அவ வீடு, இப்ப மக வீடு. மருமகன் ஹாங்காங்குல. அந்த வீட்டுல நான் யாரு சொல்லுங்க. பேச்சும் இல்லேன்னா நான் யாரு?

நீங்க படிச்சவரு மாதிரி இருக்கு. நியாயத்தைச் சொல்லுங்க. முழுசாக் கேட்டுட்டுச் சொல்லுங்க.

என் பொண்டாட்டி பேரு ராவியத்து. போன வருஷம் வெயில் காலத்துல மவுத்தாயிட்டா. நெஞ்சு கரிக்குதுன்னா, சுக்குத்தண்ணி குடிச்சா, படுத்தா. விடிஞ்சு டாக்டர் வர்றதுக்குள்ள போயிட்டா. நல்ல பொம்பளை தம்பி. வாயைத் திறந்து இது வேணும் அது வேணும்னு கேக்க மாட்டா. கேட்டா ஒண்ணே ஒண்ணுதான் கேப்பா. "எல்லார் முஸாபுக்கும் ஜில்து கட்டுறீங்களே, எனக்கும் ஒண்ணு கட்டித் தாங்களேன்"னு கேப்பா. முஸாபுன்னா குர்ஆன் புத்தகம். அவ வாப்பா கல்யாணத்துக்குக் கொடுத்தது. பம்பாய் அச்சு, நல்ல தடித்த தாளு. அட்டை எப்பவோ கழண்டு போச்சு. தான் போத்திக்கிட்டிருந்த பழைய துப்பட்டியில இருந்து ஒரு கரையைக் கிழிச்சு, அதால கட்டி வச்சிருந்தா.

நானும் கட்டித் தர்றேன்னுதான் சொன்னேன். இல்லேன்னு சொல்லலை. நோன்பு வரும், ஊர்ப்பட்ட முஸாபு கடையில குமிஞ்சு கிடக்கும், நோன்பு முடியட்டும்பேன். பெருநாள் முடியும், சபுராளிங்க வெளிநாட்டுல இருந்து லீவுல வருவாங்க, அவங்க வேலையைத்தானே முதல்ல முடிக்கணும். வீட்டு வேலைக்கு என்ன அவசரம், வீட்டுலதானே இருக்கு? அப்புறம் அவ கேக்குறதை விட்டுட்டா. அதான் சொன்னேனே, நச்சரிக்கிற பொம்பளை இல்ல. அந்த விஷயத்துல நான் கொடுத்து வச்சவன்.

மையித்தை அடக்கிட்டு வந்த மூணாம் நாளு, நானே போய் அலமாரியில இருந்து அந்த முஸாபை எடுத்தேன். யார்கிட்டயும் சொல்லலை. நாப்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்குள்ள கட்டி முடிச்சு, கொண்டுவந்து சபையில வைக்கணும், எல்லாரும் பாக்கணும், மக பாத்து அசந்துடணும்னு எனக்கு ஆசை. ஆசை தப்பா? சட்டைக்குள்ள வச்சுக் கடைக்குக் கொண்டு போனேன்.

சுலைகா, அதான் என் மக, அன்னைக்கே தேட ஆரம்பிச்சுட்டா. அலமாரியைக் கவுத்தா. தலையணைக்கு அடியில பாத்தா. அவ சாச்சி செய்னம்பு, அதான் என் கொழுந்தியா, அவகிட்டப் போய் நீங்க எடுத்தீங்களான்னு கேட்டா. என்கிட்டயும் கேட்டா. "வாப்பா, உம்மா முஸாபைப் பாத்தீங்களா?" "எங்க போயிடும், வரும்"ன்னேன். எனக்கு உள்ளுக்குள்ள சிரிப்பு. மக கண்ணெல்லாம் வீங்கி வீடு வீடாத் தேடுறா, நான் மனசுக்குள்ள, இரு இரு, வாப்பா என்ன வச்சிருக்கேன் பாருன்னு நினைச்சுக்கிறேன்.

வேலையைச் சொல்றேன் கேளுங்க. அப்படி ஒரு வேலையை நான் யாருக்கும் செஞ்சதில்ல, கிதாபு அனுப்புற கொழும்பு ஹாஜியாருக்குக்கூடச் செஞ்சதில்ல. பழைய நூலை ஒவ்வொண்ணா உருவினேன். கிழிசலுக்கெல்லாம் சவ்வுத்தாளு ஒட்டினேன். பட்டுநூல்ல தைச்சேன். தலைமாட்டுலயும் கால்மாட்டுலயும் பச்சையும் சிவப்பும் வச்சுப் பின்னினேன். அட்டை கடையில வாங்கின மில் அட்டை இல்ல, தாளு மேல தாளா ஒட்டி, கல்லு வச்சு, நிழல்ல காயப்போட்டது. பசையில மயில்துத்தம் கலந்தேன், பூச்சி அண்டாது. தோலைக் கல்லு மேல விரிச்சுச் சீவினேன் பாருங்க, ஓரம் வெத்திலை கனம்தான் இருக்கும். நடுவுல பித்தளை அச்சைச் சுட வச்சு, பாதாம்பருப்பு வடிவத்துல ஒரு பூ அழுத்தினேன்.

எங்க ஜில்துக்கு ஒரு நாக்கு உண்டு. உங்க இங்கிலீஷ் அட்டையில அது கிடையாது. பின்னட்டையில இருந்து தோலு நீண்டு, தாளு ஓரத்தை மூடிக்கிட்டு வந்து, முன்னட்டைக்கு அடியில போய்ப் படுத்துக்கும். தூசி போகாது. அந்த நாக்கு ஒழுங்கா உக்காரணும்னா தாளு ஓரம் மட்டமா இருக்கணும். அட்டையும் தாளும் ஒரே அளவு நிக்கணும். அதுதான் வேலைக்கு லட்சணம்.

அந்த முஸாபு ஓரம் எப்படி இருந்துச்சுன்னு நினைக்கிறீங்க? கண்கொண்டு பாக்க முடியாது. விடியக்காலை தொழுதுட்டு அப்படியே உக்காந்து ஓதுவா. ஒளு செஞ்ச ஈரம் காஞ்சிருக்காது. பெருவிரலைத் தாளோட இடது கீழ்மூலையில வச்சுக்கிட்டு ஓதுவா, பக்கம் முடிஞ்சதும் அதே விரலால திருப்புவா. எத்தனை வருஷம்! மூலையெல்லாம் பழுப்பேறி, உப்பி, சில இடத்துல கறுப்பா வழவழன்னு ஆயிடுச்சு. தெருவுல யாரு மவுத்தானாலும் குர்ஆன்ல யாசீன்ங்கிற அத்தியாயம் ஓத இவதான் போவா. அந்த யாசீன் பக்கம் இருக்கே, மூலை தோசைக்கல்லு ஓரம் மாதிரி. தேங்காயெண்ணெய் வாடை வேற.

விடுவேனா? திங்கிற பன் ரொட்டியை உதுத்து வச்சுத் தேச்சேன், அது அழுக்கை இழுக்கும். தேச்சுப் போகாததை என்ன செய்யறது? தாளுல ஓரம் அகலமா விட்டிருந்தாங்க, எழுத்துக்கும் விளிம்புக்கும் நிறைய இடம். இறுக்கியில வச்சுத் திருகி, கத்தியை நல்லாத் தீட்டி, சுத்திவர வெட்டினேன். ஒரு எழுத்துல கத்தி படலை. ஒரு புள்ளியில படலை. எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த வாத்தியார் மக்கள் யாரை வேணும்னாலும் கூட்டிட்டு வந்து காட்டலாம். வெட்டி முடிச்சு ஓரத்தைத் தடவிப் பாத்தேன். வெள்ளை வெளேர்னு, இன்னைக்கு அச்சுல இருந்து வந்த மாதிரி. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

வெட்டின துணுக்கை வழக்கமா ஒரு சாக்குல சேத்து வைப்பேன். சாக்கு நிறைஞ்சதும் கடலுக்குப் போகும். ஆனா இது ராவியத்து முஸாபு. மத்தவங்க துணுக்கோட கலந்து மூலையில கிடக்க வேண்டாம்னு, அன்னைக்கே ஒரு துணுக்கு விடாமப் பொறுக்கினேன். பொதி கட்டத் துணி வேணுமே. அவ கட்டி வச்சிருந்தாளே அந்தத் துப்பட்டிக் கரை, அது எதுக்கு இனிமே? ஜில்துதான் வந்தாச்சே. அதுலயே சுத்தி, கல்லு வச்சுக் கட்டி, சிங்கித்துறையில கஸ்பார் வள்ளத்துல கொடுத்து, ஆழத்துல இறக்கச் சொல்லிட்டேன். கஸ்பார் நல்ல மனுஷன், கிறிஸ்தவன்தான், ஆனா எங்க பொதியை வள்ளத்துல காலு படுற இடத்துல வைக்க மாட்டான். போயிட்டு வந்து, "இறக்கியாச்சு காக்கா, நேரா அடியில போயிருச்சு"ன்னான். எங்க ஊருல அண்ணனைக் காக்காம்பாங்க. அவளுக்குச் செய்ய வேண்டியதைச் செஞ்சுட்டேன்னு அன்னைக்குத்தான் எனக்கு நல்ல தூக்கம்.

கடலைமிட்டாய் வாங்குறீங்களா? கோவில்பட்டி வந்தாச்சே. எனக்கு வேண்டாம், பல்லு இல்ல. நீங்க சாப்பிடுங்க.

நாப்பதாம் நாளு. ஆலிம்சா வந்து ஓதினாரு. நெய்ச்சோறு ஆக்கியிருந்தோம். சொந்தம் பூரா வந்திருந்துச்சு. எல்லாம் முடிஞ்சதும், பச்சைப் பட்டுத் துணியில சுத்தின முஸாபைக் கொண்டுபோய், ஓதுற பலகையில வச்சு, பொம்பளைங்க இருந்த அறையில சுலைகா முன்னால வச்சேன். துணியைப் பிரிச்சதும் அறையே 'மாஷா அல்லாஹ்'ங்குது. செய்னம்பு பூவைத் தடவிப் பாக்குறா. ஆலிம்சா வாசல்ல நின்னுக்கிட்டே, "நெய்னா, இது உம்ம கையில வந்த வேலையில எல்லாம் உசந்த வேலை"ன்னாரு. அவர் வாயில இருந்து அந்த மாதிரி வார்த்தை சாமானியமா வராது.

சுலைகா நாக்கைத் தூக்கினா. விரிச்சா. ஒரு பக்கம் திருப்பினா. இன்னொரு பக்கம். அப்புறம் வேகமாத் திருப்புறா. யாசீனை எடுத்தா. மூலையைப் பாத்தா. குனிஞ்சு மோந்து பாத்தா. புதுத்தோலும் பசையும் மணக்குது, வேற என்ன மணக்கும்?

"இது யாரு முஸாபு வாப்பா?"

நான் சிரிச்சேன். அடையாளம் தெரியாத அளவுக்குச் செஞ்சிருக்கேன்ல! "உன் உம்மாவுதுதாம்மா"ன்னேன்.

"இல்ல வாப்பா, இது இல்ல."

"அட, அதேதான்ம்மா. ஓரம் பூரா அழுக்கு. எல்லாத்தையும் வெட்டி எடுத்துட்டேன்."

அவ என் முகத்தைப் பாத்த பார்வை இருக்கே. "வெட்டினது எங்கே?"ன்னா. கடல்ல இறக்கிட்டேன், முறைப்படி இறக்கிட்டேன்னு சொன்னேன். "அந்தத் துணி?" அதுலதான் பொதி கட்டினேன்னு சொன்னேன். முஸாபை மூடினா. எவ்வளவு மரியாதையா மூடினாங்கிறீங்க, நாக்கை எடுத்து முன்னட்டைக்கு அடியில சொருகி, முத்தம் வச்சு, பலகையில வச்சா. எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கிட்டா. சொந்தக்காரங்க முன்னால! நெய்ச்சோறு வாயில வச்ச ஆளு அப்படியே உக்காந்திருக்கு.

மறுநாளு செய்னம்பு வந்து எனக்குப் பாடம் நடத்துறா. சுலைகா சின்னதுல ஓதப் படிச்சதே உம்மா மடியில உக்காந்துதானாம். உம்மா விரலு மூலையில இருக்குமாம், அதுக்கு மேல இவ விரலை வச்சுக்குவாளாம். உம்மா போன பிறகு அந்தக் கறுப்பு மூலையில விரலை வச்சு ஒரு தடவை ஓதணும்னு அந்த மூணு நாளும் காத்திருந்தாளாம். துக்கத்துக்கு வந்த சனம் ஓயட்டும்னு காத்திருந்தாளாம். அதுக்குள்ள முஸாபு காணாமப் போயிடுச்சாம். "மச்சான், அவ உம்மா கையையே வெட்டிட்டீங்க"ன்னு சொல்றா. என்ன பேச்சு இது! அழுக்கு தம்பி. அழுக்குத்தானே? நூறு முஸாபுக்கு ஓரம் வெட்டியிருக்கேன், ஒருத்தராவது கையை வெட்டிட்டேன்னு வந்தாங்களா? என்கிட்டச் சொல்லியிருந்தா வெட்டாம விட்டிருப்பேனே. சொல்லாம எனக்கு எப்படித் தெரியும்? நான் கேக்கணுமாம். என் பொண்டாட்டி முஸாபைத் தொட நான் யாரைக் கேக்கணும்?

அதோட விட்டாளா? அப்புறம் ஒரு நாளு கஸ்பார் கடைக்கு வந்து நின்னான். தலையைச் சொறிஞ்சான். "காக்கா, உங்க மக துறைக்கு வந்திருந்துச்சு. எந்த இடத்துல இறக்கினேன்னு கேட்டுச்சு. கையைக் காட்டினேன். தாளு தண்ணியில எத்தனை நாளு இருக்கும்னு கேட்டுச்சு. நான் என்னத்தைச் சொல்ல? அது அப்பமே கரைஞ்சிருக்கும் தாயின்னு சொல்லிட்டேன். துணி இருக்குமான்னு கேட்டுச்சு."

எங்க வீட்டுப் பொம்பளை வள்ளத்துறைக்குப் போறதா? ஊரு என்ன பேசும்? எனக்குக் கோவம் வந்துச்சு. வீட்டுக்குப் போய்க் கத்தினேன், மறைக்க என்ன இருக்கு. "கடலுக்குக் கொடுத்ததைக் கடலு திருப்பித் தருமா? உன் உம்மாவை நினைச்சா அழுகை வரணும், அழுக்கை நினைச்சா அழுகை வருது உனக்கு! நான் அழுதேனா? ஒரு சொட்டு அழுதேனா? வேலை செஞ்சேன்!" அப்படின்னு கத்தினேன். அவ தட்டை வச்சுட்டுப் போயிட்டா. அதுல இருந்துதான் முழுசாப் பேச்சு நின்னுச்சு.

முஸாபு அலமாரியில இருந்துச்சு. அதை அவ தொடலை. பள்ளிவாசல்ல சும்மா கொடுப்பாங்களே அச்சுப் புத்தகம், அதுல ஓதுறா. என் கண்ணு முன்னால! அப்படி ஒரு வேலையை உள்ள வச்சுப் பூட்டிட்டு, காகித அட்டையில ஓதுறா.

யாரும் ஓதாத முஸாபை வீட்டுல வைக்கக் கூடாது தம்பி. ஓதுறது அதுக்கு நாம பட்ட கடன். அதனால நானே எடுத்தேன். எனக்கு நல்லா ஓத வராது, உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன. ஆயுசு பூரா கட்டினேனே தவிர, உக்காந்து ஓதினது குறைவு. அவதான் எனக்கும் சேத்து ஓதிக்கிட்டு இருந்தா. விடியக்காலை தொழுதுட்டு, அவ உக்காருற இடத்துல உக்காந்து விரிச்சேன். புதுத்தையல், விரிஞ்சு நிக்க மாட்டேங்குது. ஒரு கையால அமுக்கிக்கிட்டே ஓதணும். யாசீன் எங்கேன்னு தேட வேண்டியிருக்கு. அவ கையில பாத்திருக்கேன், திறந்தா அதுவா யாசீன்ல போய் நிக்கும். என் கையில எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருக்கு. தட்டுத்தடுமாறி ஓதுவேன். தப்பும் தவறுமா ஓதுவேன். உள் அறையில சுலைகா முழிச்சுத்தான் இருப்பா, எனக்குத் தெரியும்.

போன வாரம் ஒரு விடியல்ல, அதே மாதிரி தடுமாறிக்கிட்டு இருக்கேன். பின்னால நிழல் ஆடுச்சு. வந்து பக்கத்துல உக்காந்தா. மக மனசு இறங்கிட்டான்னு நினைச்சேன். ஓதுறதை நிறுத்திட்டேன். அவ கையை நீட்டினா. இடதுபக்கத் தாளு கீழ்மூலைக்குக் கொண்டு போனா. கொண்டு போய்த் தாளுல வைக்கலை தம்பி. தாளைத் தாண்டி, வெளியே விரிஞ்சு கிடக்கு பாருங்க அந்தத் தோல் நாக்கு, அதுல வச்சா. பெருவிரலை.

"உம்மா விரலு இங்கே இருக்கும் வாப்பா."

மழைக்காலம் முழுக்கப் பேசாதவ பேசினது அவ்வளவுதான். விரலை அங்கேயே வச்சுக்கிட்டு, நான் விட்ட இடத்துல இருந்து ஓத ஆரம்பிச்சா. ராவியத்துக் குரலு. எனக்கு இத்தனை நாளும் அது தெரியலை, அப்படியே ராவியத்துக் குரலு. எனக்கு அழுகை வந்துடுச்சு தம்பி. மையித்தைத் தூக்கினப்போ வராத அழுகை. வாயைத் துண்டால பொத்திக்கிட்டு அழுதேன். அவ நிறுத்தலை, திரும்பிப் பாக்கவும் இல்ல. ஓதி முடிச்சு எழுந்து போய் அடுப்பைப் பத்த வச்சா.

இப்பவும் பேச்சு இல்ல. தட்டுதான் வருது. ஆனா தினமும் விடியக்காலை வந்து பக்கத்துல உக்காருறா. நான் தாளைத் திருப்புறேன், அவ ஓதுறா. விரலு அதே இடத்துலதான்.

வேலையில குத்தம் இல்ல, அதை இப்பவும் சொல்வேன். யாரை வேணும்னாலும் கேளுங்க. ஆனா ஆவாரம்பட்டைத் தோலு ஈரக்கை படப்படக் கறுக்கும், அது அதோட குணம். நேத்துப் பாத்தேன், அந்த நாக்குல லேசா ஒரு விரல் கறை விழுந்திருக்கு. எலுமிச்சம்பழச் சாறு தொட்டுத் தேச்சாப் போயிடும், கடையில புட்டி நிறைய வச்சிருக்கேன்.

நான் தேய்க்கலை தம்பி.